லாபமும் ஓர் அடிதான்

‘நிலத்துளைப் பதிவேடுகள் நிரந்தரமாகப் பாதுகாக்கப்படும். நகல் கேட்டு வரும் விண்ணப்பத்துக்கு முப்பது நாளுக்குள் படியோ, காரணம் காட்டிய மறுப்போ அனுப்பப்படும்.’ எங்கள் அலுவலக நடைமுறை நூலில் இருந்த விதி இது. பணியில் இருந்தவரை அந்த நூலைக் காட்டிப் பிறரை மிரட்டியிருக்கிறேன். ஓய்வுபெற்று மகளோடு கலிஃபோர்னியாவுக்கு வந்தபிறகு, அதே விதியைப் பிடித்துக்கொண்டு திருநெல்வேலி அலுவலகத்தின் பதிலுக்காகக் கடல்தாண்டி நிற்க வேண்டியதாயிற்று.

இங்கே எனக்கு முதலில் விசித்திரமாகப் பட்டது, யாரும் விண்ணப்பம் கேட்காததுதான். மகள் வீட்டுக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் நிலநடுக்கத் தகவல்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஈரமான தளர்ந்த மணல், நிலம் குலுங்கும்போது கூழாகி, மேலிருக்கும் கட்டடத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். எந்த மண் அப்படிக் கூழானது, எது தாங்கி நின்றது என்று உலகத்துத் துளைப் பதிவுகளையெல்லாம் ஒரே இடத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்து வைக்கும் வேலை. முத்திரை இல்லை, மேலொப்பம் இல்லை. வீட்டில் சும்மா இருக்கும் மனிதன் என்பதால் நானும் போய் உட்கார்ந்தேன். வேலையை நடத்திய காரன் என்ற பெண்மணி, “உங்கள் நாட்டிலிருந்து ஏதாவது உண்டா?” என்று கேட்டார். உண்டு என்று சொன்னேன். அங்கே ஆரம்பித்தது.

இளவயதில், வடக்கே ஒரு நிலநடுக்கத்துக்குப் பிறகு, மணல் கொப்பளித்த ஆற்றங்கரையைச் சோதிக்க எங்கள் அலுவலகத்திலிருந்து இருவரை அனுப்பினார்கள். பொறியாளன் நான், துளையிடுபவர் மேலப்பாளையத்து மைதீன். சோதனை எளியது. குழாயைத் துளைக்குள் இறக்கி, சம்மட்டியை ஒரே உயரத்திலிருந்து போட்டு, ஓர் அடி ஆழம் இறங்க எத்தனை அடி விழுந்தது என்று எண்ணவேண்டும். அடி குறைந்தால் மண் தளர்ச்சி. மைதீன் தன் களநோட்டில் ஒவ்வோர் ஆழத்துக்கும் ‘லா, 2, 3, 4’ என்று எழுதினார். ஒன்று எங்குமே இல்லை. நாம் பிள்ளையார் சுழி போடுவதுபோல அவர் பக்தியாக ஏதோ போடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான்கில் முடிந்தாலும் விழுந்தது மூன்று அடிதான் என்று என் படிப்பு சொன்னது. அறிக்கையில் எல்லா ஆழத்திலும் ஒன்றைக் கழித்து எழுதினேன்.

நோட்டும் அறிக்கையும் ஒத்துப்போகவில்லை என்று தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது. ‘துளையாளர் எண்ணிக்கையை இரண்டில் தொடங்கும் பிழையான வழக்கமுடையவர், நான் திருத்தினேன்’ என்று பதில் அனுப்பினேன். மறுநாள் டீக்கடையில் மைதீனிடம் அதைச் சொன்னபோது அவர் சிரித்தேவிட்டார்.

“என்ன சார் நீங்க! லாபமும் அடிதான சார். ஒங்க வீட்டுக் களத்துல நெல்லு அளக்கயில நின்னதே இல்லியா? மொத மரக்கால ஒண்ணுன்னா சொல்லுதாவ? லாபம்னுதான சொல்லுதாவ.”

நின்றதில்லை. நெல் எங்கள் வயலில் விளைந்தது. நான் விடுதியில் படித்தேன். அனுப்பிய விளக்கத்தைத் திரும்பப்பெற ஒரு நடைமுறை உண்டு. துளையாளரையும் விசாரிக்கவேண்டும் என்று இன்னொரு விதி உண்டு. இரண்டும் எனக்கு மனப்பாடம். இரண்டையும் நான் யாருக்கும் நினைவூட்டவில்லை. மைதீனின் பணிப்பதிவேட்டில் ‘கவனக்குறைவு’ என்று ஏறியது. அவரைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். ஓய்வுபெறும்வரை அவர் சம்மட்டியைத் தொடவில்லை. போகிற வருகிறபோது எனக்கு சலாம் மட்டும் வைப்பார்.

என்னிடமிருந்த அச்சிட்ட அறிக்கையைக் காரனிடம் கொடுத்து, எல்லாவற்றையும் சொல்லி, ஒவ்வோர் எண்ணிலும் ஒன்றைக் கூட்டவேண்டும் என்றேன். அவர்களிடமும் ஒரே ஒரு விதி இருந்தது: மூல நோட்டின் படி இல்லாமல் அச்சிட்ட எண்ணை மாற்றமாட்டார்கள். அவர்களுடைய படிவத்தில் ‘துளையிட்டவர்’ என்று ஒரு கட்டம். அறிக்கையில் அந்தப் பெயர் இல்லை. “பரவாயில்லை, ‘தெரியாது’ என்று போடலாம்” என்றார், எனக்கு உதவுகிற தொனியில். “தெரியும். மேலப்பாளையத்தில் இருக்கிறார்” என்றேன். முகவரி எதற்கு என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார்.

திருநெல்வேலிக்குப் பதிவுத்தபாலில் எழுதினேன். முப்பது நாள் போயிற்று. நினைவூட்டு எழுதினேன். இரண்டாம் நினைவூட்டும் எழுதினேன். ஒருகாலத்தில் இப்படி வந்த நினைவூட்டுகளை எந்தக் கட்டில் செருகினால் கண்ணில் படாது என்று எனக்கே தெரியும். மைதீனின் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து அவரைக் கூப்பிடச் சொல்வேன். சிறுநீரகம் பழுதாகி, பேச்சுக்கிடையே அவருக்கு மூச்சு வாங்கும்.

“நானே ஆபீசுக்குப் போனேன் சார். ‘பாய், அந்த நோட்டுக்கும் ஒமக்கும் என்ன வே சம்பந்தம்? அறிக்கையில ஒம்ம பேரே இல்லியே’ங்கான் அந்தப் பய. சம்பந்தத்த அவன்ட்ட எங்கன காட்ட?”

“கெடைச்சிரும் மைதீன். ரூல் இருக்கு.”

“ரூல் இருக்கும் சார். நான் இருக்கணும்லா.” இருமிவிட்டுத் தொடர்ந்தார். “அந்த நோட்ட அவ ஒரு வட்டம் கண்ணால பாத்தாப் போதும். எம்மவ, வாப்பா தப்பா எண்ணித்தான் கிடங்குக்குப் போனாருன்னு நெனச்சிட்டிருக்கா.”

அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நோட்டுப் படியோடு கடிதத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். எதையும் உரிய இணைப்போடு அனுப்பியே பழகியவன். அடுத்தமுறை போன் செய்தபோது அவர் மகள் பேசினாள். “வாப்பா மௌத்தாயிட்டாவ” என்றாள். நோட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவர் இறந்த தேதியை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

மகள் வீடு நிற்பது வளைகுடாவைத் தூர்த்த மண்மேல். நிலம் குலுங்கினால் இது கூழாகும் என்று நான் ஏற்றிய எண்களே சொல்கின்றன. தாமிரபரணிக் கரையில் அந்தப் பயம் இல்லை. அங்கே தாங்கி நின்ற ஒரு மனிதனை ஒரு காகிதத்தால் உள்ளே இறக்கியவன் நான்.

படி வந்தது. வருத்தமும் இல்லை, விளக்கமும் இல்லை. ‘தாங்கள் கோரியபடி’ என்று ஒரு வரி. பென்சிலில் மைதீனின் ‘லா, 2, 3, 4’. ஓரத்தில் என் கையெழுத்தில் ‘3’. பிறகு காரன் எண்ணைத் திருத்தினார், கட்டத்தில் பெயரும் ஏறியது. இனி உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். மைதீன் மகளுக்கு ஒரு படி அனுப்பினேன், முப்பது வருஷம் தாமதமான என் விளக்கத்தோடு. பதிலை எதிர்பார்க்க எனக்கு எந்த விதியும் இல்லை.

திருநெல்வேலியிலிருந்து வந்த அந்தத் தபால் உறையை நான் பிரித்தபோது இங்கே மாலை ஆறு மணி. மைதீன் போய் முப்பத்தொன்பதாவது நாள். மேலப்பாளையத்தில் அதற்குள் விடிந்து, நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓத ஆட்கள் வரத் தொடங்கியிருப்பார்கள். அலுவலகத்தின் பதில் வந்த தேதி, இங்கே 1998 மே 12. அங்கே மே 13.