வெள்ளிக்கிழமை மட்டும் நாலு மணிக்கு வந்த வயிற்றுவலி

மூன்று வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மாதம் நடந்தது இது. எங்களுக்கு வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமம். என் கணவர் குவைத்தில் டிரைவர். நிலத்தை அவருடைய அண்ணன் பார்த்துக்கொள்கிறார், அடுத்த வீடுதான். எனக்கு ஒரே மகள். அப்போது பத்தாம் வகுப்பு.

வெளிநாட்டில் ஆள் இருக்கிற எல்லா வீட்டிலும் போன் வருகிற நேரம் என்று ஒன்று இருக்கும். எங்கள் வீட்டில் ராத்திரி எட்டு மணி. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு என்பதால் அன்றைக்கு மட்டும் ஐந்து மணிக்கே வந்துவிடும். வீடியோவில்தான் கூப்பிடுவார், கூடத்து நடுவில் போனை ஸ்பீக்கரில் போட்டு வைப்போம். முதலில் அண்ணன் வயல் சேதி சொல்வார். வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, நாற்று எப்படி இருக்கிறது, எந்தப் பக்கம் பூச்சி விழுந்திருக்கிறது என்று. அடுத்து என் முறை. மாடு சேதி ஒரு நிமிடம், மகள் சேதி பத்து நிமிடம். பயிரில் விழுந்த பூச்சியைச் சொல்கிற மாதிரியே அவள் குறையையும் சொல்வேன். காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள், எதிர்த்துப் பேசுகிறாள், கதவைச் சாத்திக்கொள்கிறாள். தூரத்தில் இருக்கிற மனிதருக்கு எதையும் மறைக்கக் கூடாது என்பது என் கொள்கை. பெரிய அரிச்சந்திரி!

காலாண்டுத் தேர்வில் கணக்கில் நாற்பத்தொன்று வாங்கியிருந்தாள். அதையும் எட்டு மணிக்குக் கூடத்தில் வாசித்தேன். அவர் அங்கிருந்து சத்தம் போட்டார். அவள் தூணை ஒட்டி நின்றுகொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் வயிற்றுவலி ஆரம்பித்தது. சாயங்காலம் ஆனால் சுருண்டு படுத்துக்கொள்வாள். சோறு போட்டால் குமட்டும். ராத்திரி சாப்பிடாமல், சரியாகத் தூங்காமல், காலையில் எழுந்திருக்கவே முடியாது. வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போனால் பெரிய விஷயம். மோர் கொடுத்தேன், ஓமத்தண்ணீர் கொடுத்தேன், கேட்கவில்லை. தொக்கம் எடுக்கிற அம்மா ஒருவரிடம் கூட்டிப்போனேன். அவர் இவள் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, எதையோ வெளியே எடுத்துக் காட்டி, ‘எப்பவோ சாப்பிட்ட புரோட்டா, ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு’ என்றார். எங்கள் வீட்டில் புரோட்டா வாங்கியே ஒரு வருடம் ஆகியிருந்தது. இருந்தாலும் நம்பினேன். மறுநாள் சாயங்காலம் வலி அப்படியே வந்து நின்றது.

கும்பகோணத்தில் ஸ்கேன் எடுத்தோம். வயிற்றில் ஒன்றுமே இல்லை என்றார்கள். சந்தோஷப்பட வேண்டிய நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்கு வந்ததும், “நடிக்கிறியாடி?” என்று கன்னத்தில் ஒன்று விட்டேன். அன்று எட்டு மணிக்கு அதையும் போனில் சொன்னேன். அவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். “படிக்கப் பிடிக்கலன்னா விடு. பொங்கல் கழிச்சு திருப்பூர்ல எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பு. பனியன் கம்பெனிக்குப் போகட்டும்.”

அண்ணனும் அதுதான் சரி என்றார். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் மனசு கேட்கவில்லை. படிப்பு நின்றால் நின்றதுதான். எனக்கே அப்படித்தான் நின்றது.

பள்ளிக்கூடத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது, அவளுடைய வகுப்பு டீச்சர் ஒரு வார்த்தை சொன்னார். தஞ்சாவூரில் பிள்ளைகளின் மனநலம் பார்க்கிற டாக்டர் அம்மா ஒருவர் இருக்கிறார், ஒருமுறை காட்டிவிட்டு முடிவு பண்ணுங்கள் என்று. மனநலம் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. ‘எம் பொண்ணு என்ன பைத்தியமா?’ என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவரிடமும் அண்ணனிடமும் தஞ்சாவூரில் ஒரு டாக்டர் என்று மட்டும் சொல்லி, ஊரில் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினோம்.

அந்த டாக்டர் மாத்திரை எழுதுவார் என்று பார்த்தால், எனக்கு வேலை கொடுத்தார். இரண்டு வாரத்துக்கு, வலி எப்போது வருகிறது என்று நேரத்தை மட்டும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அது எனக்குக் கைவந்த வேலைதான். வயலுக்கு ஆள் எத்தனை பேர் வந்தார்கள், வாய்க்காலில் எப்போது தண்ணீர் வந்தது என்றெல்லாம் தினசரி காலண்டர் தாளின் பின்னால் எழுதிப் பழக்கம். வலியையும் அதிலேயே எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்துத் தாள்களைக் கொண்டுபோய் நானே வாசித்தேன். திங்கள் ஏழு மணி, செவ்வாய் ஏழு, புதன் ஏழேகால், வியாழன் ஏழு, வெள்ளி நாலு, சனி, ஞாயிறு மறுபடி ஏழு. அடுத்த வாரமும் அப்படியே. வெள்ளிக்கிழமை மட்டும் நாலு.

“வெள்ளிக்கிழமை மட்டும் ஏம்மா நாலு மணிக்கு?” என்று கேட்டார் டாக்டர்.

“அன்னிக்கு அவங்க அப்பாவுக்கு லீவுங்க. அஞ்சு மணிக்கே போன்…”

என் கையெழுத்தே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். பொறுமையாகச் சொன்னார். இந்த வயதில் பயம், கோபம், அவமானம் எல்லாம் மூளையில் வேகமாக வேலை செய்யுமாம். அதைப் பிடித்து நிறுத்தி யோசிக்கிற பகுதி மெதுவாகத்தான் வளருமாம், இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்குமாம். பயம் உள்ளேயே தங்கினால் வயிறு நிஜமாகவே வலிக்குமாம். “உங்க பொண்ணு நடிக்கலம்மா. வலி உண்மை. காரணம்தான் வயித்துல இல்ல” என்றார்.

“இருபது வயசுல எனக்கு இடுப்புல புள்ளை இருந்துச்சுங்க டாக்டர்” என்றேன் என்னை மீறி. டாக்டர் சிரித்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகளும் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

திரும்பி வருகிற பஸ்ஸில், “அடிச்சது தப்புடி” என்றேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய், அதுவே பெரிய பாடாக இருந்தது. “சரிம்மா” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று எட்டு மணிக்கு போன் வந்தது. அண்ணன் வயல் சேதியை முடித்தார். அடுத்து என் கணவர், “டாக்டர் என்ன சொன்னாங்க?” என்றார். வயிற்றில் கேஸ் பிரச்சனை என்று சொல்லிச் சமாளித்துவிட்டு, அப்புறம் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் என் மகள் கூடத்துக்கு வந்தாள். போனைக் கையில் எடுத்தாள். கை கிடுகிடுவென்று ஆடியது. முகம் வெளுத்துப்போயிருந்தது.

“அப்பா, நான் நடிக்கலப்பா. போன் வர்ற நேரம் ஆனாலே வயித்தைப் புடிச்சு இழுக்குது. எல்லார் முன்னாடியும் என்னைப் பத்திப் பேசாதீங்கப்பா. திட்டுறதுன்னாகூட என்கிட்ட மட்டும் திட்டுங்க. நான் பள்ளிக்கூடம் போகணும்ப்பா. திருப்பூருக்கு அனுப்பிடாதீங்க.”

அண்ணன் எழுந்துவிட்டார். “அப்பன்கிட்ட பேசுற பேச்சா இது?”

“மாமா, நீங்க உக்காருங்க. அவ பேசட்டும்.” சொன்னது நான்தான்! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் பேச்சுக்குக் குறுக்கே நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் எட்டித் திரையைப் பார்த்தேன். என் கணவர், தங்கியிருக்கும் கட்டடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எனக்கும்தாம்மா” என்றார். “டூட்டி முடிச்சு போனை எடுத்தாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். வீட்டுல இன்னிக்கு என்ன குறையோன்னு. இங்கேருந்து என்ன செய்ய முடியும், கத்தத்தான் முடியுது. நீ சாப்பிட்டியாடா?”

அவ்வளவு வருட போனில், அவளிடம் அவர் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவள் “இல்லப்பா” என்று சொல்லிவிட்டு அழுதாள். அவரும் அழுதார். என்னைக் கேட்கவே வேண்டாம். அண்ணன்கூட மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மாட்டைப் பார்க்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். வலி முழுதாக நிற்க மாசி மாதம் ஆயிற்று. தஞ்சாவூருக்கு ஏழெட்டு முறை போய்வந்தோம், பிறகு ஊரில் பல் டாக்டர் என்று சொல்வதையும் விட்டுவிட்டோம். ஸ்பீக்கர் வயல் சேதியோடு நின்றுவிடும். அதன் பிறகு போன் அவள் அறைக்குப் போகும், அப்பாவும் மகளும் அரை மணி நேரம் பேசுவார்கள். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கதவில் காது வைக்கத் தோன்றும், வைத்ததில்லை. சரி, ஒரே ஒருமுறை வைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தாம் வகுப்பு தேறினாள். ஊர் மெச்சுகிற மார்க் எல்லாம் இல்லை, கணக்கில் அறுபத்து மூன்று. இப்போது கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாள். திருப்பூர் பேச்சை அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

பயத்தை விழுங்கி விழுங்கியே வளர்ந்தவள் நான். என் வயிற்றில் பிறந்தவள் பதினைந்து வயதில், கை நடுங்க நடுங்க, தன் பயத்தை அப்பாவிடம் நேராகச் சொன்னாள் என்பதை நினைக்கும்போதெல்லாம், இந்த ஊரில் என்னைவிடப் பெருமைப்பட வேண்டிய தாய் யார் இருக்கிறாள் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது.