சனியில் தொடங்கிய வாரம்

கோட்டாற்றில் ஒரு வாடகைப் பாத்திரக் கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாண வீடுகளுக்கு வார்ப்பு, அண்டா, கரண்டி எல்லாம் இங்கிருந்து போகும். எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று நோட்டில் எழுதுவது என் பொறுப்பாக இருந்தது. இரண்டாயிரத்து ஏழில் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்குப் புரோகிராம் எழுத வந்தவனைக் கண்டதும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஐந்தாம் வகுப்பு வரை என் பக்கத்தில் இருந்தவன். கணக்கை என் சிலேட்டைப் பார்த்துத்தான் எழுதுவான். நான் ஐந்தோடு நின்றேன். அவன் மேலே படித்து, சவூதியில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்திருந்தான். முதலாளி தன் நாற்காலியை அவனுக்கு இழுத்துப் போட்டார். எனக்கு இன்றும் ஸ்டூல்தான்.

முதலில் தேதியைத் தட்டித்தான் பதிய வேண்டும். நாளுக்கும் மாதத்துக்கும் நடுவில் போடும் கோட்டை விட்டுவிடுவேன், திரையில் தேதிப் பெட்டி சிவப்பாகும். முதலாளி சிரிப்பார். அவனிடமும் சொல்லிவிட்டார். மறுநாளே வந்து பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தானைச் சேர்த்தான்.

“மக்கா, நீ ஒண்ணும் தட்டாண்டாம். இதுல அமுக்கு, காலண்டர் விரியும். நாளத் தொட்டா போதும்.”

எனக்காகச் செய்தது. அதுதான் பொறுக்கவில்லை.

அன்று வியாழக்கிழமை. சுவர்க் காலண்டரில் வியாழன் இடமிருந்து ஐந்தாவது வரிசை. திரையில் ஆறாவதில் நின்றது. மேலே இருந்த இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிப் படித்தேன். முதல் வரிசை ஞாயிறு அல்ல, சனி. சவூதியில் எழுதி வைத்திருந்ததை அப்படியே கொண்டுவந்து இங்கே ஒட்டியிருக்கிறான். சவூதியில் வாரம் சனியில் தொடங்கும் என்று அங்கே போய் வந்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிறு என்றால் என் கை இரண்டாவது வரிசைக்குப் பழகிக்கொண்டது. அவன் ஒரு நாள் தலைகுனிய வேண்டும் என்று காத்திருந்தேன்.

ஆவணி வந்தது. எங்கள் ஊரில் அந்த மாதத்தை ஞாயிறுகளால்தான் எண்ணுவார்கள், பாம்புக்குப் பால் ஊற்றுகிற நாட்கள் அல்லவா. நான் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு வீட்டார் போன் செய்து, இரண்டாம் ஆவணி ஞாயிறு கல்யாணம் என்றிருக்கிறார்கள். முதலாளியே பதிந்தார். முதல் வரிசைதான் ஞாயிறு என்று நினைத்து, ஆவணி பிறந்த நாளிலிருந்து அந்த வரிசையில் எண்ணி இரண்டாவதைத் தொட்டிருக்கிறார். அது சனிக்கிழமை.

வெள்ளிக்கிழமை, வண்டியில் ஏற்றவேண்டிய பட்டியலில் அந்த வீடு இருந்தது. அவர்களுடைய அழைப்பிதழ் மேசையில் கிடந்தது. அதில் ஞாயிறு என்று நன்றாகவே வாசித்தேன். வாயைத் திறக்கவில்லை. பாத்திரம் ஒரு நாள் முன்னதாகவே வந்ததில் அந்த வீட்டாருக்குச் சந்தோஷம்.

ஞாயிறு காலை, கல்யாணம் முடிந்த வீடு என்று பட்டியல் சொன்னபடி வண்டி பாத்திரம் எடுக்கப் போனது. சமையல்காரர் கரண்டியோடு எதிரில் வந்து நின்றாராம்.

“ஏலே, பாயசம் கொதிச்சிட்டு கெடக்கு. வார்ப்பத் தூக்கவா வந்த?”

பந்தலே சிரித்தது என்று டிரைவர் சொன்னான். மானம் போனது முதலாளிக்கு. புரோகிராம் எழுதினவனை வரவழைத்தார். அவன் திரையைப் பார்த்த உடனே தன் பிழைதான் என்று ஒப்புக்கொண்டான், முகம் கறுத்துவிட்டது. நான் இத்தனை நாள் காத்திருந்த முகம் அது. ஐந்தே நிமிடத்தில் ஞாயிறை முன்னால் கொண்டுவந்தான்.

“இவன் தெனமும் இதுலதான இருக்கான்” என்றார் முதலாளி.

“அவனுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பான் அண்ணாச்சி” என்றான்.

மறுநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம் பதிய வந்தார்கள். காலண்டரை விரித்தேன். கை பழக்கத்தில் இரண்டாவது வரிசைக்குப் போய்த் தொட்டது. திங்கள் விழுந்தது. அழித்தேன். பின்னால் முதலாளி நின்றிருந்தார்.

வந்தவர்களை அனுப்பி வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அப்போ நீ இத்தன நாளும் ரெண்டாவதுலதான் தொட்டியா?”

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன் நாற்காலிக்குப் போனார். அவனிடம் சொன்னாரா என்று தெரியாது. அவன் கடைக்கு வந்தால் இப்போதும் முதலில் என் தோளைத்தான் தட்டுவான். நான் மவுசிலிருந்து கையை எடுத்துக்கொள்வேன்.