அட்டைப் படத்துக்கு ஒரு நரி

முதலில் ஒரு விடுகதை. மேலிருந்து வரும், சத்தம் போடாது. கண்ணுக்கு வெள்ளை, கேமராவுக்குச் சாம்பல். தொட்டால் தண்ணீர், தூரத்தில் நின்றால் சுவர். அது என்ன?

பனி என்று சொல்லியிருப்பீர்கள். கொட்டுகிற பனியில் விலங்குகளைப் படம் பிடிப்பது, அசையாமல் நிற்கும் ஒருவன் அசைகிற எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நம்புகிற தொழில். நீங்களும் பனியில் கேமராவோடு நின்றவர் என்றால், இனி வருவதெல்லாம் உங்கள் கதையும்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் அமெரிக்காவில், பார்சிப்பனி என்கிற ஊரில் இருந்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ். சனி, ஞாயிறு இரண்டு நாளும், அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்காக நாங்கள் நடத்திய சிறுவர் இதழின் வேலை. கதை, புதிர், படம் எல்லாம் நானே. அந்த வருடம் குளிர்கால இதழின் அட்டையில், பனி விழும்போது நிற்கிற ஒரு செந்நரியைப் போடவேண்டும் என்று ஆசை. ஆனால் அட்டையை நான் முடிவு செய்ய முடியாது. எங்கள் இதழில் ஒரு வழக்கம் உண்டு: படங்களை மேஜையில் பரப்பி, வாசகக் குழந்தை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வோம். பெரியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அந்த விதியை எழுதியவனும் நான்தான்.

அடுப்புக்குள் மான்

நரிக்கு முன்னால் மானில் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மான்கள் சாதாரணமாக வரும். நல்ல பனியில் ஒரு ரோல் ஃபிலிம் எடுத்தேன். கேமராவுக்கு ஒரு குணம். வெள்ளையாக நிறையப் பார்த்தால் வெளிச்சம் அதிகம் என்று பயந்து படத்தை இருட்டாக்கி, பனியைச் சாம்பலாக்கிவிடும். பிரிண்ட் வந்ததும் என் மனைவி வசந்தா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஏங்க, மான் எதுக்குங்க அடுப்புக்குள்ள நிக்குது?"

இலவசத் திருத்தம்

அடுத்த முறை கணக்குப் பார்த்து, வேண்டுமென்றே வெளிச்சத்தைக் கூட்டி எடுத்தேன். இந்தத் தடவை பனி பனியாகவே வரும் என்று உறுதியாக இருந்தேன். போட்டோ கடையில் கவரைப் பிரித்தால், மறுபடியும் சாம்பல். என் ஃபிலிமில் குறையில்லை. பிரிண்ட் போடுகிற இடத்தில்தான் யாரோ அக்கறை எடுத்திருக்கிறார்கள்.

கவுண்டரில் இருந்த அமெரிக்கர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நன்றி சொல்ல வார்த்தை கிடைக்காமல் தவிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். பெருந்தன்மையாகச் சொன்னார்: "யுவர் ஸ்னோ வாஸ் டூ ஒயிட். ஐ ஃபிக்ஸ்ட் இட். நோ எக்ஸ்ட்ரா சார்ஜ்."

அமாவாசை விருந்தாளி

அமாவாசையன்று காக்கைக்குச் சோறு வைக்காமல் எங்கள் வீட்டில் சாப்பிட மாட்டோம். பனி கொட்டினாலும் அதே சட்டம். வசந்தா பின்வாசல் மரத்தளமான டெக்கின் கைப்பிடிக் கட்டையில் பனியைத் தள்ளிவிட்டு, சோறும் பருப்பும் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அந்தக் குளிரில் எந்தக் காக்கை வரும்? காத்திருந்தோம். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பசி.

அப்போது ப்ளூ ஜே என்கிற பறவை ஒன்று வந்து இறங்கியது. நல்ல நீலம், தலையில் கொண்டை, பின்னால் பஞ்சு பஞ்சாகப் பனி. பறவைப் புத்தகத்தின்படி அது காக்கைக்கு உறவு. கேமரா காரில் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து, அடுப்படிக் கண்ணாடிக் கதவருகே நின்று கண்ணை வைத்தேன். ஒன்றுமே தெரியவில்லை. குளிரில் கிடந்த லென்சை நேராகச் சாம்பார் ஆவிக்குள் கொண்டுவந்திருக்கிறேன். துடைக்கத் துடைக்க மறுபடியும் மூடியது. பறவை நிதானமாகச் சாப்பிட்டு, அலகைக் கட்டையில் தேய்த்துவிட்டுப் பறந்தது.

வசந்தாவுக்குத் திருப்தி. "பெரியவங்க இந்தத் தடவை கொஞ்சம் கலரா டிரெஸ் பண்ணிட்டு வந்திருக்காங்க. அமெரிக்கா இல்லையா? கையக் கழுவிட்டு உக்காருங்க."

குடைக்குக் கீழே இருவர்

நண்பர் ஜெரால்டு தூத்துக்குடிக்காரர். குழந்தைகள் இதழ் என்பதற்காகவே என்னோடு வருவார். குளிரில் கேமரா பேட்டரி செத்துவிடும் என்பதால் மாற்று பேட்டரியைத் தன் அக்குளில் வைத்துக் காப்பது அவர் பொறுப்பு. கேமராவுக்கு மேல் குடை பிடிப்பதும் அவரே. பேசாமல் இருப்பது மட்டும் அவரால் முடியாது.

ஏரிக்கரை வேலியோரம் நரியின் காலடித் தடம் பார்த்திருந்தோம். அங்கே பல வாரங்கள் நின்றோம். பனி விழாத நாளில் நரி வரும். நரி வராத நாளில் பனி விழும். ஒருமுறை இரண்டும் சேர்ந்தன. ஆனால் ஆட்டோஃபோகஸ் நரியை விட்டுவிட்டு, முன்னால் விழுந்த பனித் துணுக்கைப் பிடித்துக்கொண்டது. நான் கையால் திருகிச் சரிசெய்வதற்குள் வால் மட்டும் மிச்சம். அடுத்த நொடி அதுவும் இல்லை.

இதழ் அச்சுக்குப் போக ஒரே ஒரு வாரம்தான் பாக்கி என்று நான் புலம்பினேன். ஜெரால்டு ஆறுதல் சொன்னார்: "அண்ணாச்சி, அந்த நரி இப்ப வீட்டுல போய்ச் சொல்லிட்டிருக்கும். ரெண்டு கிறுக்கனுவ ஒரு குடைக்குள்ள நிக்கானுவ, ஒருத்தன் அக்குளச் சொறியான்னு."

வந்தது

அந்தச் சனிக்கிழமை பனி சீராக விழுந்தது. காற்று இல்லை. ஆட்டோஃபோகசை அணைத்துவிட்டு, வேலிக் கம்பத்தின் தூரத்துக்கு லென்சைத் திருகி வைத்து நின்றேன். நரி அதே கம்பத்தருகே வந்து நின்றது. முதுகிலும் மூக்கிலும் பனி. எங்களைப் பார்த்தது. ஜெரால்டுகூடப் பேசவில்லை. நான் அழுத்திக்கொண்டே இருந்தேன், ரோல் தீர்ந்து கேமரா தானாகவே ஃபிலிமைச் சுற்றிக்கொள்ளும் சத்தம் கேட்கும்வரை. ஜெரால்டு மெதுவாக என் தோளைத் தொட்டார். "அண்ணாச்சி, நரி போயாச்சு. வெரல எடுங்க."

மேஜை

போட்டோ கடைக்காரரிடம் எதையும் திருத்தவேண்டாம் என்று கெஞ்சிப் பிரிண்ட் வாங்கினேன். பனி வெள்ளையாக இருந்தது. நரி ஆரஞ்சாக இருந்தது. விழுகிற பனி ஒவ்வொன்றும் தனித்தனிப் புள்ளியாக நின்றது. ஒரு படத்தில் நரி நேராக நம் கண்ணைப் பார்க்கும். அதை மேஜையின் நடுவில், குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். பேசக்கூடாது என்றுதான் விதி. வைக்கும் இடத்தைப் பற்றி விதி இல்லை.

இந்த முறை எடுக்கவேண்டிய குழந்தை, ஜெரால்டின் ஆறு வயது மகள் ஜெனி. நாற்காலியில் ஏறி முட்டி போட்டுப் பார்த்தாள். நடுப்படத்தை எடுத்தாள். "ஹி இஸ் கோல்ட், அதுக்குக் குளிருது," என்று கீழே வைத்தாள். ஒவ்வொரு நரியாகப் பார்த்து வைத்தாள். கடைசியில், ரோலோடு சேர்ந்து பிரிண்டான ஒன்றை இழுத்தாள். வேலிக் கம்பம், விழுகிற பனி, மரங்களை நோக்கிப் போகும் காலடித் தடம். அவ்வளவுதான்.

"ஏம்மா இது?" என்றேன். விதியை மீறியது நான்தான்.

"ஹோம் போயிடுச்சு, அங்கிள்."

அந்தக் குளிர்கால இதழின் அட்டையில் நரி இல்லை.