கமிட்டி வந்த வருஷத்து மழை

மழை பிடித்தால் மரக்காணத்து உப்பளத்தில் வேலை கிடையாது. அதனால் மழையை நான் திட்டாத வருஷம் இல்லை. ஒரே ஒரு வருஷத்து மழை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் பெய்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது. எழுபதுகளின் நடுவில், சட்டசபைக் கமிட்டி எங்கள் அளத்துக்கு வந்துபோன வருஷம் அது.

அதற்கு முந்தின வருஷம் என் வீட்டுக்காரர் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு மெட்ராஸ் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போய்விட்டார். மழை மாசத்தில் முதலாளி முன்பணம் கொடுப்பார். கை நீட்டி வாங்கினால், சீசன் முழுக்க அவர் சொன்ன கூலிக்கு அவருக்கே உப்பு வார வேண்டும். இவருக்கு அது ஆகவில்லை. பேங்கில் கடன் கொடுத்தால் நாலு பாத்தி சொந்தமாகக் குத்தகை எடுக்கலாம், அன்றைக்குத்தான் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். கல்யாணமாகி ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை. நான் அதே முதலாளியிடம் உப்பு சுமக்கப் போனேன். யாராவது ஒருத்தர் சோற்றுக்கு வழி பார்க்க வேண்டாமா?

அப்போதுதான் கமிட்டி வருகிறது என்றார்கள். எம்.எல்.ஏ.க்கள் சேர்ந்த குழு. பேங்கும் கூட்டுறவுச் சங்கமும் ஏழைகளுக்குக் கடன் கொடுக்கின்றனவா என்று ஊர் ஊராக விசாரித்து சட்டசபைக்கு அறிக்கை கொடுக்குமாம். அறிக்கை எனக்குப் பெரிசில்லை. கடன் வந்தால் அவர் வருவார், அவ்வளவுதான்.

கமிட்டி பார்க்கும்போது அளம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று முதலாளி முதல் நாளே உப்பு வாரக் கூடாதென்று சொல்லிவிட்டார். வேலை இல்லை, கூலியும் இல்லை. வந்தவர்கள் ஒரு பாத்தியையும் எட்டிப் பார்க்கவில்லை. கண் கூசுகிறதாம். மாதா கோயிலில் இருந்து தூக்கி வந்த நாற்காலிகளில், பந்தலுக்குள்ளேயே உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள். எங்களை வரிசையில் நிற்கவைத்து, குறை இருந்தால் சொல்லுங்கள் என்றார் தலைவர். அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே முதலாளி நின்றார். எனக்கு முன்னால் நின்ற ஆம்பிளைகள் குடிதண்ணி வேணும், ரோடு வேணும் என்று முடித்துக்கொண்டார்கள். கடனைப் பற்றி ஒருத்தன் வாய் திறக்கவில்லை. மீசை மட்டும் இருந்தது.

என் முறை வந்தது.

"உனக்கு என்னம்மா வேணும்?" என்றார் தலைவர்.

"என் வீட்டுக்காரர் வரணும்."

பந்தலே சிரித்தது. "அதுக்குப் போலீஸ் ஸ்டேஷன் போகணும்மா, இது கடன் கமிட்டி" என்றார் பக்கத்தில் இருந்த எம்.எல்.ஏ. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கிளார்க் பேனாவை மூடினார்.

"சிரிக்கிறதுக்கு வரல. எழுதுங்க" என்றேன். குத்தகை கையில் இருந்தால்தான் பேங்கு கடன் தருகிறது, கடன் கிடைத்தால்தான் குத்தகை எடுக்க முடிகிறது, ரெண்டும் இல்லாத மனுஷன் மெட்ராஸில் மூட்டை தூக்குகிறான் என்று சொன்னேன். சிரிப்பு நின்றது. தலைவர் கிளார்க்கிடம் அதை எழுதிக்கொள்ளச் சொன்னார். பரிந்துரை செய்கிறோம் என்று என்னிடம் சொன்னார். மறுநாள் முதலாளி என்னை வேலைக்கு வராதே என்றார். ஆள் போதவில்லை என்றதும் அவரே கூப்பிட்டார். போனேன்.

கடனுக்குக் கமிட்டி பரிந்துரை செய்யப்போகிறது என்று உப்பு லாரி டிரைவர் மூலம் மெட்ராஸுக்குச் சேதி போனது. மழை பிடித்ததும் என் வீட்டுக்காரர் வந்துவிட்டார்.

கூரை ஒழுகியது. ஒழுகுகிற இடத்தில் எல்லாம் ஏனத்தை வைத்துவிட்டு, மிச்சம் இருந்த காய்ந்த மூலையில் ரெண்டு பேரும் ஒண்டிக்கொள்வோம். "கமிட்டியம்மா, கஞ்சி ஊத்து" என்பார். சட்டசபையில் புருஷனைக் கேட்டவள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பக்கத்து ஊர் அனுமந்தைக்கு நடந்து போய் மீன் வாங்கி வருவார். மழை விட்டால் என்னை அளத்துக்குக் கூட்டிப்போவார். பாத்தி எல்லாம் மூழ்கி, கண்ணுக்கு எட்டின மட்டும் ஒரே தண்ணீராகக் கிடக்கும். அவர் தண்ணீரில் ஒரு இடத்தைக் காட்டி, அதுதான் நம்முடைய நாலு பாத்தி என்பார். நானும் ஆமாம் என்பேன்.

கிறிஸ்துமஸ் போனது. சீசன் வரும் நேரம், சட்டசபையைக் கலைத்துவிட்டார்கள் என்று டீக்கடை ரேடியோவில் சொன்னார்கள். சபை போனால் கமிட்டியும் போச்சு, இனி அறிக்கை எல்லாம் கிடையாது என்று போஸ்ட்மேன் விளக்கினார். எங்கேயோ எவனோ எதற்கோ கலைத்தான். கலைந்தது என் குடித்தனம்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவர் சொன்னார்: "அடுத்த கமிட்டி வந்தா சொல்லி அனுப்பு."

"கமிட்டிக்குத்தான் வருவியா? எனக்கு வரமாட்டியா?"

"இங்க இருந்தா அந்த முதலாளி எதிர்லதான் போய் நிக்கணும்."

"நான் நிக்கிறேன் இல்ல?"

பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.

அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு வருவார், ரெண்டு நாள் விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுப் போவார். பின்னால் ஊருக்கு பேங்கும் வந்தது. அதற்குள் அவர் மெட்ராஸிலேயே செத்துப்போயிருந்தார். அவர் மேல் கோபம் இன்னும் போகவில்லை. ஆளும் மனசை விட்டுப் போகவில்லை.

இப்போது என் வீடு ஒழுகுவதில்லை. மழை விட்டால் அளத்துப் பக்கம் நடந்து போகிறேன். ஒரே தண்ணீராகக் கிடக்கிறது. எங்கள் நாலு பாத்தி எது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் இருந்தால் காட்டுவார்.