குணா கொண்டுபோன ஒப்பாரி

நான் வேலை பார்க்கும் ஆம்பூர் ஷூ கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரம். நம் பழைய கச்சேரிக் குழுவின் வாட்ஸ்அப்பில் குணாவின் படத்துக்கு மாலை போட்டு அனுப்பியிருந்தீர்கள். மாரடைப்பு என்றிருந்தது. டிபன் பாக்ஸை மூடினேன். அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அவனைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். எல்லாம் நல்ல வார்த்தையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மேடையில் அவனுக்கு ஜோடிக் குரல் நான். ஆற்காட்டுத் திருவிழாவில் ஒருமுறை சரணம் மறந்து விழித்துக்கொண்டு நின்றேன். குணா பக்கத்தில் வந்து, என் வரிகளையும் கீச்சுக்குரலில் அவனே பாடிவிட்டான். கூட்டம் விசிலடித்தது. இறங்கியதும், "பாட்டு தப்பினா பேஜார் இல்லக்கா. மூஞ்சில தெரியக்கூடாது, சிரிச்சிக்கினே இருக்கணும்" என்றான். அவனைப்போல மானத்தைக் காப்பாற்றுகிறவன் கிடையாது என்று அன்றைக்கு நினைத்தேன்.

பிறகு சென்னைக்குப் போனான். தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு பாதி இங்கிலீஷில் பாப் பாட்டு பாடிப் பெரிய ஆளாகிவிட்டான். கம்பெனியில் பாதிப் பெண்களின் ரிங்டோன் அவன்தான். நானும் "எங்க குணா" என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் வீட்டுக்கே வந்தான். "கிராமத்துப் பாட்டு ஒண்ணு பண்றேன்க்கா. ஜோடிப் பாட்டு. நீயும் நானும்." அவன் கேட்டது, கணியம்பாடியில் என் அம்மா செத்தபோது நான் பாடிய ஒப்பாரியை. சாவுக்கு வந்தவன் அதை மனதில் வைத்திருந்தான். உயிரோடு ஆள் இருக்கிற வீட்டில் ஒப்பாரி வாயில் வரக்கூடாது. அதனால் பாலாற்று மணலுக்குப் போய்ப் பாடினேன்.

பந்தலுக்குக் கீழே என்னைப்
பார்க்க வந்த அம்மா,
பாதிவழி விட்டுப்புட்டுப்
போகலாமா அம்மா.

போனில் பதிவு செய்துகொண்டே அழுதான். "இது உங்கம்மா பாட்டுக்கா. அப்படியே வரும், ஒரு வார்த்தை மாறாது" என்றான். நம்பினேன்.

பாட்டு வெளியானது. அவனோடு பாடியிருந்தது யாரோ சென்னைப் பெண். அது கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பாடிக் காட்டுகிறவர் ஒருவர், பாடுகிறவர் ஒருவர் என்பது இந்தத் தொழிலில் புதிதில்லை. ஆனால் என் அம்மா இருந்த இடத்தில் எல்லாம் 'மாமா' இருந்தான். அடியும் மெட்டும் அப்படியே. கீழே குத்துத் தாளம்.

அப்போதும் அவனுக்குப் பத்திரிகை வைத்தேன். என் மகளின் கல்யாண வரவேற்புக்கு ராணிப்பேட்டை மண்டபத்துக்கு வந்தான். வந்தவன் மைக்கைப் பிடித்து, "எங்க அக்காவுக்காக" என்று சொல்லி அதையே பாடினான். மண்டபமே ஆடியது. மேடையில் மணக்கோலத்தில் என் மகள். அம்மா சாவில் என்னோடு சேர்ந்து அழுத என் சித்தி, "இன்னாடி இது, கல்யாணத்துல ஒப்பாரி பாடறான்" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். அவனைத் தனியாக அழைத்துக் கேட்டேன். "கண்டுக்காதக்கா. யாருக்குத் தெரியும்? உங்கம்மா பாட்ட ஊரே ஆடுது, சந்தோஷப்படு" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அதற்குப் பிறகு அவனோடு நான் பேசவில்லை.

சாவுக்குப் போனேன். அவன் அம்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ வந்து பாடுவேன்னுதான் இருந்தேன், பாடும்மா" என்றாள். அந்தத் தாய்க்காக உட்கார்ந்தேன். பந்தலுக்குக் கீழே என்று எடுத்தேன். அடுத்த அடிக்கு நான் வாய் திறப்பதற்குள் சுற்றியிருந்த பெண்கள் "பார்க்க வந்த மாமா" என்று சேர்ந்து பாடினார்கள். பின்னால் யாரோ கைகூடத் தட்டினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அவர்களுக்கு அது குணாவின் பாட்டு. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஆற்காட்டு மேடையில் என்னைக் காப்பாற்றிய குணாவை மறக்க மாட்டேன். இந்தக் கோபத்தையும் விட மாட்டேன். இரண்டும் என்னிடம் இருக்கட்டும். ஆனால் குணா, உனக்காக அழ எனக்கு இருந்தது ஒரே பாட்டு. அதை நீ முன்னாலேயே கொண்டுபோய்விட்டாய்.