புளி போட்டுத் தேய்த்த கல்

வியாழக்கிழமை மாலையானால் எங்கள் வீட்டில் விளக்கு தேய்க்கும் வேலை என் தலையில்தான் விழும். மறுநாள் பூசைக்குப் பித்தளை பளபளக்க வேண்டும். பத்து வயதில் புளிக்கும் தேங்காய் நாருக்கும் நான்தான் ராணி. தேய்க்கச் சொன்னதை மட்டும் தேய்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

அப்படி ஒரு வியாழக்கிழமை காலைதான் சித்தி, அம்மாவின் தங்கை, ஏதோ ஒரு தீவின் எரிமலை அடிவாரத்தில் பத்து நாள் அலைந்துவிட்டு எங்கள் தோ பாயோ அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். "இந்த ஒரு கல்லு கிடைச்சுதே, போதும்க்கா. என் கடைசி சாப்டர் முடிஞ்சிடும்" என்று அம்மாவிடம் சொல்லி, கல்லை மேசைமேல் வைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.

கைக்குள் அடங்கும் கல். வெளியே அடிப்பிடித்த சட்டி மாதிரி கறுப்பு. உடைந்த ஒரு பக்கத்தில் மட்டும் பச்சைப் படிகங்கள் மின்னின. இவ்வளவு அழகை அழுக்கு மூடிக்கிடக்கிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. புளி போட்டுத் தேய்த்தேன். அசையவில்லை. இஞ்சி இடிக்கும் சின்ன உலக்கையை எடுத்தேன். கறுப்பெல்லாம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. ஓரத்துப் பச்சையும் கொஞ்சம் கூடவே உதிர்ந்தது. எல்லாவற்றையும் பொறுப்பாகக் கூட்டி அள்ளி, கீழ்த்தளத் தொட்டியில் போய் விழும் சமையலறைக் குப்பைக் குழாயில் போட்டேன்.

சித்தி எழுந்து வந்து கல்லைப் பார்த்தாள்.

"கறுப்பு எங்கேம்மா?"

"கிளீன் பண்ணிட்டேன் சித்தி. குப்பையில போட்டாச்சு."

செருப்புகூடப் போடாமல் கீழே ஓடினாள். அதற்குள் குப்பையை அள்ளிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தாள். அம்மா என்மேல் கை ஓங்கியபோது, "விடுக்கா, அவளுக்கு என்ன தெரியும்" என்று தடுத்தாள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"எந்த மெஷினும் துளைச்சுப் போக முடியாத ஆழத்துல இருந்த கல்லு இது. எரிமலைக் குழம்பு பிய்ச்சு எடுத்து மேல கொண்டு வந்துச்சு. கறுப்பு அந்தக் குழம்புதான். கீழ என்ன இருக்குன்னு பச்சை சொல்லும். எத்தனை நாள்ல மேல வந்துச்சுன்னு, ரெண்டும் ஒட்டின ஓரம்தான் சொல்லும். எனக்கு அந்த ஓரம்தான் வேணும்."

தலையாட்டினேன். அடி விழவில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. அவள் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை, பாவி.

சாப்பிட உட்காரும் முன் சித்தி அந்தப் பச்சைக் கல்லை என் கையில் வைத்து, "நீயே வெச்சுக்கோ" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் பள்ளியில் எல்லாரிடமும் காட்டி, எங்கள் சித்திக்கு என்மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று பீற்றிக்கொண்டேன். பத்து நாள் அலைந்து தேடிய கல்லை ஒருத்தி ஏன் அவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை.