திறக்காத முன்கதவு

பனி உருகும் நாட்களில் அந்தக் கற்சுவரிலிருந்து நனைந்த சாம்பல் மணம் வரும். ரொறன்ரோவின் வடக்கே, ஒரு பணக்காரத் தோட்டத்து மாளிகையின் பெரிய கேற்றடியில் நின்ற காவல் வீடு அது. தோட்ட வேலைக்குச் சேர்ந்த அப்பாவுக்குக் குடியிருக்கக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது.

வீதியால் போகிறவர்கள் காரை மெதுவாக்கிப் பார்ப்பார்கள். செங்குத்தான கூரை, அதன் ஓரமெங்கும் சரிகைபோலச் செதுக்கிய பலகை, வளைந்த கல்வாசல், இரண்டு புகைபோக்கிகள். அவற்றில் ஒன்று பொய். மூன்று யன்னல்களில் ஒன்றும் பொய். கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புச் சாயம் பூசிய சுவர். உள்ளே இரண்டே அறைகள், "குசினி" என்ற சமையல் மூலைக்குள் இருவர் நின்றால் மூன்றாமவர் மூச்சு விடமுடியாது. "உது வீடில்லை பிள்ளை, மாளிகைக்குப் போட்ட முகம்" என்று அப்பா சிரிப்பார். விருந்தினர் கண்ணில் படாமல் பின்கதவால்தான் போய்வர வேண்டும் என்பது மாளிகை மனேச்சரின் சட்டம்.

ஒரு தைப்பொங்கலன்று அம்மா முன்கதவைத் திறந்து, கோலம் போட்டு, வாசலடியில் இலெக்ரிக் அடுப்பை வைத்துப் பொங்கினா. நகரின் வோபர்ன் பக்கமிருந்து பெரியம்மா குடும்பம் வந்தது. "நீங்கள் இப்ப கோட்டை ஆக்கள், எங்களை உள்ள விடுவியளோ?" என்று பெரியப்பா நக்கலடித்தார். கல்வாசலில் சப்பாத்துகள் வரிசை கட்டின.

அப்போதுதான் மனேச்சரின் கார் வந்து நின்றது. சப்பாத்துகளை எடு, கதவைச் சாத்து என்றார். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. "முன்கதவைச் சாத்திப்போட்டுப் பொங்கேலாது, இண்டைக்கு எங்கட சனம் இதாலதான் வரும் எண்டு சொல்லு பிள்ளை" என்றார். வேலை போனால் வீடும் போகும் என்று அம்மா அடிக்கடி சொல்வது என் காதில் கிடந்தது. "சொறி, இப்பவே எடுக்கிறம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "சொறி" என்ற மன்னிப்புச் சொல் மட்டும் அப்பாவுக்குத் தெரியும். என்னை ஏசவில்லை. குனிந்து, எல்லாருடைய சப்பாத்துகளையும் தன் கையால் அள்ளிக்கொண்டு பின்பக்கம் போனார்.

அப்பா இப்போது இல்லை. போன மாதம் அந்தப் பக்கம் போனேன். மாளிகை நின்ற இடத்தில் கண்ணாடி அடுக்குமாடிக் கோபுரம். காவல் வீட்டின் முன்பக்கத்தை மட்டும் "பாரம்பரியம்" என்று அதன் காலடியில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். பொய் யன்னலைக் கவனமாகக் காப்பாற்றியவர்கள், நாங்கள் படுத்தெழும்பிய அறைகளைக் குப்பையில் கொட்டிவிட்டார்கள். பித்தளைப் பலகையில் கட்டியவரின் பெயர் உண்டு, கல் வந்த இடம் உண்டு. குடியிருந்தவர் ஒருவரின் பெயரும் இல்லை. அப்பா பகிடியாகச் சொன்னதை இவர்கள் உண்மையாகவே செய்து முடித்திருக்கிறார்கள். முகம் மட்டும்!

கதவின் பிடியைத் திருகினேன். வீடு விற்க நின்ற இளைஞர் ஓடிவந்து, அது திறக்காது, பின்னால் கொங்கிறீற், பக்கத்து வாசலால் வாருங்கள் என்றார். அன்று அப்பா சொல்லச் சொன்னதை, அவரிடம் ஆங்கிலத்தில், ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்.

அவர் ஒன்றும் விளங்காமல், "சொறி" என்றார்.